ஒன்பது நுனிகள்

கட்டபெட்டு முக்கில், ரேஷன் கடைக்கு மேலே
தகரக் கூரை போட்ட ஒற்றை அறை.
இ-சேவை என்ற பலகையில்
சேவை மட்டும் வெளுத்துப் போயிருக்கிறது.
டிசம்பர், காலை எட்டே முக்கால்.
மவுசைத் தொட்டால்
ராத்திரி முழுக்க ஓடையில் கிடந்த கல்.

கையுறை ஊட்டி நடைபாதையில் வாங்கியது,
நூற்று இருபது ரூபாய், கருநீலம்,
மணிக்கட்டில் ஒரு மான், அதற்கு ஒற்றைக் கொம்பு.
போட்டுக்கொண்டு தட்டினால்
ஒரு விரலுக்கு மூன்று எழுத்து விழுந்தது.
பாஸ்போர்ட் படம் வெட்டும் கத்திரியை எடுத்தேன்.
வெண்டைக்காய்க்குக் காம்பு கிள்ளுவதுபோலப்
பத்து நுனியும் போயிற்று.
அன்றிலிருந்து நூல் பிரிகிறது.
நேற்று என்டர் விசையில் சிக்கி
யாருடைய சாதிச் சான்றோ
பாதியில் போய்ச் சேர்ந்தது.

தமிழ்த் தட்டச்சு தெரியாதவர்களுக்கு:
இடது சுட்டுவிரலுக்கு அடியில் புள்ளி,
வலது சுட்டுவிரலுக்கு அடியில் ப.
இரண்டு விசையிலும் சின்னதாய் ஒரு மேடு,
பார்க்காமலே விரல் வீடு திரும்ப.
விரல் மரத்துப்போனால்
மேடும் பள்ளமும் ஒன்றுதான்.

முதல் ஆள் சிலம்பாயி.
இந்த வருஷமும் உயிரோடு இருப்பதாக
பி.எஃப். ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்.
சொன்னால் மாதம் ஆயிரத்துச் சொச்சம்.
சிவப்பாய் எரியும் கண்ணாடிமேல் கட்டைவிரலை வைத்தாள்.
பொருந்தவில்லை.
இன்னொரு கட்டைவிரல். பொருந்தவில்லை.
முப்பத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்கள்.
ரேகை இருக்கவேண்டிய இடத்தில்
கறுத்த வெடிப்புகள்,
நடுவே சோப்புத் துண்டின் வழவழப்பு.
"அப்போ நான் செத்துட்டேங்குதா?"
சண்டைக்குக் கேட்கவில்லை,
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.
"பத்து நிமிஷம் போட்டுட்டு உக்காருங்க,
கை சூடானா ஒருவேளை எடுக்கும்."
மானை மேலும் கீழும் பார்த்துவிட்டு
அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டாள்.

அடுத்து போஜன். மகளுக்குப் பெயர் சேர்க்க வந்தவர்.
பெயர் என்னவென்று கேட்டால்
வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்,
அதற்குள் மனுவை அடித்துவிடச் சொன்னார்.
வெறுங்கையோடு அடித்தேன்.
நிமிர்ந்து பார்த்தால் திரையில்:
இறப்புச் சான்றில் பெயர் சேர்க்க.

ப விழவில்லை.
சுட்டுவிரல் மேட்டைத் தவறவிட்டு
எதையோ தடவியிருக்கிறது.
மெய் வராததால்
உயிர் மட்டும் தனியே நின்றிருக்கிறது,
இ என்று, முழுசாய்.
போஜன் போனில் பேசிக்கொண்டிருந்தார்.
பேக்ஸ்பேஸை அழுத்தினேன்,
சத்தம் வராமல், ஒவ்வொரு எழுத்தாக.
பிறகு கையை அக்குளில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சிலம்பாயிக்கு இடது மோதிர விரல் பொருந்தியது.
ஏழாவது முறை.
பச்சை எழுத்தைப் படித்துக் காட்டினேன்.
"சரி" என்றாள், பஸ் வந்துவிட்டது என்று
சொன்னதுபோல.
கையுறையைத் திருப்பித் தரும்போது
வெட்டிய வாயில் தன் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதுல மிச்சத்த என்ன பண்ணுன புள்ள?"

டிராயரில் கிடந்தன,
குண்டூசி டப்பாவுக்குப் பின்னால்.
"எனக்குக் குடு. உனக்கு வேணாங்கற எடம்தான்
எனக்கு வேணும்."
வாரத்தில் மூன்று நாள் யாரோ ஒருவர் தோட்டத்தில்
இன்னும் கிள்ளப் போகிறாளாம்.
மேலே சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொண்டால்
பனி இறங்காதாம்.

ஒன்பதுதான் இருந்தன.
பத்தாவதுக்குள் என் பென் டிரைவ் தூங்குகிறது.
அதை உருவப் போனேன்.
"அது கெடக்கட்டும்" என்றாள்,
"சுண்டு விரலுக்கு அங்க வேல இல்ல."

ஒவ்வொன்றாய் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்,
ஒன்பது கருநீலத் தொப்பிகள்.
உள்ளங்கை வெறுமையாய்.

கையுறைக்குள் கை விட்டேன்.
வெதுவெதுப்பு.
எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவளுடையது
என்று தெரியவில்லை.
போஜன் போனைப் பொத்திக்கொண்டு
இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டார்.
புள்ளியிலும் பவிலும் விரலை வைத்துக்கொண்டு
காத்திருந்தேன்.